ஐப்பசியில் மலை ஏறலாமா?

வாசகர் கேள்வி பதில்

(பினாங்கின் பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, ஆயர் ஈத்தாமில் வசிக்கும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.)

தீபாவளியும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்குகின்றன. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு மலைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கின்றன: அங்கே அப்போது மழை பெய்யுமா? மாதத்தின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மலையின் எந்தப் பக்கம், நாளின் எந்த நேரம், முந்தைய வாரங்களில் எவ்வளவு பெய்திருக்கிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான் போகின்றன.

*

அம்மா, தீபாவளி முடிந்த மறுவாரம் 74 வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். நவம்பரில் கூட்டம் இருக்காது, குளிர் இதமாக இருக்கும் என்கிறார் பயண முகவர். மழையைப் பற்றிக் கேட்டால், "மழைக்காலம் செப்டம்பரோடு முடிந்துவிட்டது" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, கிள்ளான்

கூட்டம் இருக்காது என்பது சரி. மழைக்காலம் முடிந்துவிட்டது என்பது தவறு. செப்டம்பரோடு ஓய்வது தென்மேற்குப் பருவமழை. நீங்கள் போகும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். தமிழ்நாட்டில் அது வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அம்மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. வயதான தாயாரோடு போகிறவரிடம் ஒரு முகவர் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இங்கேதான் மலையின் பக்கம் முக்கியமாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது. அப்போது நனைவது நீலகிரியின் மேற்குச் சரிவு: கூடலூர், அவலாஞ்சி, மேல் பவானி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் பெய்தது. பினாங்கில் ஏறக்குறைய நான்கு மாதங்களில் பெய்கிற மழை அது. அக்டோபரில் காற்று திசை மாறி வங்காள விரிகுடாவிலிருந்து வரத் தொடங்கியதும் நனையும் பக்கமும் மாறிவிடுகிறது. குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைப்பாதை எல்லாம் கிழக்கே பார்த்தவை. நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் உங்கள் வேன் ஏறுவதும் அதே சரிவில்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் கொட்டிய மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பருவம் "முடிந்துவிட்டது" என்று உங்களிடம் சொல்லப்பட்ட அதே மாதம்.

பயப்பட வைப்பதற்காக இதை எழுதவில்லை. நவம்பரில் நீலகிரி மிக அழகாக இருக்கும். நானும் அந்த மாதத்தில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். மழை தினமும் பெய்துகொண்டே இருக்காது. வங்கக் கடலில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகிக் கரையை நோக்கி நகர்ந்தால் இரண்டு மூன்று நாட்கள் விடாமல் பெய்யும். அது கடந்து போனதும் வெயிலடிக்கும், அடுத்த தாழ்வழுத்தம் வரும்வரை. ஆகவே உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப்போவது நவம்பர் மாதத்தின் சராசரி அல்ல. நீங்கள் போகும் வாரத்தில் கடலில் என்ன இருக்கிறது என்பதுதான். புறப்படுவதற்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பிருந்து சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளைத் தினமும் பாருங்கள். மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறார்கள். நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் ஊட்டியைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு வந்தால் சமவெளியிலேயே தங்கிவிடுங்கள்.

மலை ரயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பற்சக்கரத்தால் ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கிறது. மண்ணும் பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழுவதும் அந்தப் பகுதியில்தான். வடகிழக்குப் பருவத்தில் அங்கே ரயில் நாள் கணக்கில் நிறுத்தப்படுவது வழக்கமான செய்தி. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடும் ரயில் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. தாயாருக்கு மலை ரயிலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தால், குன்னூர்–ஊட்டி டிக்கெட் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கும் இதே கணக்கு. அது பழனி மலைத்தொடரின் உச்சியில், கீழைக் காற்று நேரே வந்து மோதும் இடத்தில் இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையைக் கடந்து, உள்நாட்டில் வலுவிழந்து, கொடைக்கானல் மலையைத் தாண்டித்தான் மேற்கே போனது. கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரத்திலும் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பழனியில் முருகனைத் தரிசித்துவிட்டு அப்படியே மலைச்சாலையில் கொடைக்கானலுக்கு ஏறுவது நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். மழை நாளில் அந்தச் சாலையைவிட வத்தலக்குண்டு வழியே மேல்.

குளிரைப் பற்றி ஒன்று. மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் வெளியேறாமல் தங்குவதால் குளிர் அவ்வளவு கடிக்காது. மழை விட்டு வானம் தெளிந்த இரவுதான் கடுமையானது. ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். நவம்பர் பிற்பகுதியிலிருந்தே தாழ்வான புல்வெளிகளில் அதிகாலையில் உறைபனி படியத் தொடங்கும். தாயாருக்குக் காதை மூடும் தொப்பியும் இரவில் போட்டுக்கொள்ளக் கம்பளிக் காலுறையும் அவசியம். குடையைவிட அவை முக்கியம்.

திட்டத்தில் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். மலைகளை முதலில் முடித்துவிட்டு, திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரண்டு இரவுகளைக் கீழே மதுரையிலோ திருச்சியிலோ வையுங்கள். சாலை அடைபட்டாலும் விமானம் தவறாது. மலைச்சாலையில் ஏறுவதும் இறங்குவதும் முற்பகலிலேயே முடியட்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது. வேன் ஓட்டுநர் அதை எடுத்துவிட்டாரா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

*

கேமரன் மலைக்கு அக்டோபர் கடைசியில் போக ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிட்டோம். கைப்பேசியில் பார்த்தால் ஏழு நாளும் இடிமழைப் படமே வருகிறது. ரத்து செய்துவிடலாமா?
– வாசகர், செந்தூல்

அந்தப் படத்துக்காக ரத்து செய்ய வேண்டாம். அக்டோபரில் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் எந்த ஊரைத் தேடினாலும் அதே படம்தான் வரும்.

இது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். தென்மேற்குக் காற்று செப்டம்பரில் தளர்ந்துவிடுகிறது. வடகிழக்குக் காற்று நவம்பரில்தான் வலுக்கிறது. நடுவில் காற்று பலமற்று, திசை மாறி மாறி வீசுகிறது. மேகத்தைத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. காலை வெயில் சரிவைச் சூடாக்கும். சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவோடு மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து, நண்பகலுக்குள் மேகமாகித் திரளும். இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும். ஏப்ரல், மே ஒன்று. அக்டோபர், நவம்பர் மற்றொன்று.

கைப்பேசிச் செயலி பெரிய பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டத்துக்குள் அடிவாரத்துத் தாப்பாவின் வெயிலும் மலைமேல் பிரிஞ்சாங்கின் பனிமூட்டமும் சேர்ந்தே அடங்கிவிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மணி வாரியான கணிப்பு. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியில் இடிமழை எச்சரிக்கை குறுகிய காலத்துக்குத் தனியாக வரும். அடுத்த சில மணி நேரத்துக்கு அதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

காலை ஆறரை மணிக்கெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் இருங்கள். பதினொரு மணிக்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடலாம். பிற்பகலை அறையிலும் கடைத்தெருவிலும் கழியுங்கள். கீழே இறங்கும் நாளன்று காலைச் சிற்றுண்டி முடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள். தாப்பா சாலை பழையது, வளைவு அதிகம், மரங்கள் சாலைக்கு மேலேயே கவிந்திருக்கும். மழை வலுத்தால் சிம்பாங் பூலாய் சாலை அகலமாக இருக்கிறதே என்று அதற்கு மாறிவிட நினைக்காதீர்கள். அங்கே மலையை வெட்டிய சரிவுகள் மிக உயரமானவை.

ரிங்லெட் பக்கம் ஆற்றோரத்தில் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில், பெருமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரிலும் அதே வட்டாரத்தில் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களைக் கொண்டுபோயின. இரண்டுமே நீங்கள் போகும் பருவத்தில் நடந்தவை. தானா ராத்தாவில் மேட்டுப் பகுதியில் ஓர் அறை பாருங்கள்.

*

எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் காலையில் கொடிமலை முழுதாகத் தெரிகிறது. மதியம் மேல்பாதி காணாமல் போகிறது. அங்கே மட்டும் ஏன் மேகம்?
– மாணவி, ஆயர் ஈத்தாம்

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கேள்விபோல இருக்கிறது, மகளே. நானும் அதே மலையைப் பார்த்து வளர்ந்தவள்தான்.

காற்று மேலே போகப் போகக் குளிரும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. கொடிமலையின் உச்சி 833 மீட்டர். ஆகவே உன் பள்ளியில் 32 டிகிரி என்றால் மேலே ஏறக்குறைய 27தான் இருக்கும். கடலிலிருந்து வரும் நம் காற்றில் ஈரம் நிறைய. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அந்த ஈரத்தைத் தாங்க முடியாமல் காற்று அதைத் துளிகளாக உதிர்த்துவிடும். அந்த உயரத்தில்தான் மேகத்தின் அடிப்பகுதி தொடங்குகிறது. ஒரு வாரம் தினமும் பகல் ஒரு மணிக்கு, மேகத்தின் அடி எந்த மரம் வரை, எந்தக் கட்டடம் வரை இறங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வை. காற்றில் ஈரம் கூடும் நாளில் மேகம் தாழ இறங்குவதை நீயே கண்டுபிடிப்பாய். எனக்கும் எழுது.

இன்னொன்றும் தெரிந்துகொள். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு அந்த மலையில் மேகம் நகரவே இல்லை. விடிய விடியப் பெய்தது. காற்றும் பலமாக இருந்தது. மலையில் பல இடங்களில் மண் சரிந்து, மலை ரயில் நின்று, தீவிலும் பெருநிலத்திலும் வெள்ளம் புகுந்து 7 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் சரிவு இருந்தால், விடாமல் மழை பெய்யும் இரவில் பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்.

*

வானிலைத் துறையின் பருவ முன்னோட்டத்தில் "வழக்கத்தைவிட அதிக மழைக்கு வாய்ப்பு" என்று வருகிறது. அப்படியானால் எங்கள் பள்ளியின் நவம்பர் மலையேற்றத்தை நிறுத்திவிடலாமா?
– ஆசிரியர், சுபாங் ஜெயா

அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளின் மழை அளவை எடுத்து, அதிகம், வழக்கம், குறைவு என்று மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. கடலின் வெப்பநிலையைப் பார்த்து, இந்த ஆண்டு "அதிகம்" என்பதன் வாய்ப்பு 33 விழுக்காட்டிலிருந்து 50 ஆகிறது என்று கணிப்பார்கள். மீதி 50 விழுக்காடு இன்னும் இருக்கிறது. தவிர, அது மூன்று மாதங்களின் மொத்தத்தைப் பற்றியது. உங்கள் சனிக்கிழமையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆனாலும் அதை ஒதுக்கிவிடாதீர்கள். பசிபிக் கடலில் எல் நினோ வந்தால் நமக்குப் பெரும்பாலும் வறட்சி. அதே எல் நினோவில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு. 2015ஐ நினைத்துப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் சுமத்ராவின் தீயால் இங்கே புகைமூட்டம் சூழ்ந்து பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டே நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. முன்னோட்டத்தை நான் பயன்படுத்துவது தேதி குறிப்பதற்கு அல்ல, மாற்றுத் தேதி எத்தனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வதற்கு. "அதிகம்" என்று வந்திருப்பதால் பெற்றோர்களிடம் இரண்டு மாற்றுத் தேதிகளுக்கு இப்போதே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குள் மலையடிவாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முந்தைய மூன்று நாட்கள் தொடர்ந்து மழை என்றால், அன்று காலை வெயில் அடித்தாலும் போக வேண்டாம்.

*

டிசம்பரில் என் மகனும் நண்பர்களும் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறார்கள். "அன்று மழை இல்லையென்றால் பயமில்லை அப்பா" என்கிறான். சரிதானா?
– வாசகர், ரவாங்

சரியில்லை. அவனிடம் இதைக் காட்டுங்கள்.

2022 டிசம்பர் 16ஆம் தேதி, அதிகாலை இரண்டரை மணியளவில், கெந்திங் மலைக்குப் போகும் வழியில் பத்தாங் காலி அருகே முகாம் தளத்தின் மேல் சரிவு இடிந்து விழுந்தது. கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். முந்தைய நாட்களில் தொடர்ந்து பெய்த மழையே முக்கியக் காரணம் என்று அரசின் விசாரணை சொன்னது.

மண்ணுக்குள் நீர் இறங்க நேரமெடுக்கும். மேலே பெய்தது மெல்ல மெல்ல ஊறி, மண் துகள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பி, ஒன்றையொன்று பற்றியிருக்கும் துகள்களை விலக்குகிறது. சரிவின் எடையும் கூடுகிறது. எந்த நொடியில் அது அறுபடும் என்பது அன்றைய வானத்தைப் பார்த்தால் தெரியாது. வெயில் அடிக்கும் பகலிலும் நட்சத்திரம் தெரியும் இரவிலும் சரிவு இடிந்திருக்கிறது. மகன் பார்க்க வேண்டியது அன்றைய மழையை அல்ல, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் மழையை.

முகாம் தளத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று உள்ளூர் மன்றத்தில் கேளுங்கள். மேலே வெட்டப்பட்ட சரிவோ சாலையோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஆற்றங்கரையும் வேண்டாம், மேலே மலையில் பெய்யும் மழை கீழே வெயிலில் குளிப்பவர்களை அடித்துப்போகும். பிள்ளைகள் போக வேண்டும் என்றால் பிப்ரவரியில் போகட்டும். அப்போது தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் மழை குறைவு, இரவும் குளிர்ச்சி. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, கேமரன் மலையின் 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவானதுதான்.

*

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று என் பாட்டி சொல்வார். அது தமிழ்நாட்டுக்குச் சொன்னது. பினாங்குக்குப் பொருந்துமா?
– வாசகர், நிபோங் திபால்

ஐப்பசிக்குப் பொருந்தும், கார்த்திகைக்குப் பாதி பொருந்தும், காரணம் மட்டும் வேறு. அங்கே பெய்வது வங்கக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று மழை. இங்கே அக்டோபரில் பெய்வது நான் மேலே சொன்ன பிற்பகல் இடிமழை. வடகிழக்குக் காற்று முழுதாக வலுத்தபின், கிழக்குக் கரையில் கிளந்தானும் திரங்கானுவும் நனையும்போது, நடுவிலுள்ள மலைத்தொடர் நமக்குத் தடுப்பாகிறது. அதனால்தான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்கள் பெரும்பாலும் சுடும் தார்ச்சாலையில் நடக்கிறார்கள். தைப்பிங் மட்டும் விதிவிலக்கு. லாருட் மலை பின்னால் நின்று வரும் ஈரத்தையெல்லாம் நிறுத்திவிடுவதால் தீபகற்பத்தின் மிக ஈரமான ஊர்களில் அது முதன்மையானது. மாலையில் எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம்.

உங்கள் பாட்டியின் சொல்லுக்கு மிகப் பழைய வேர் உண்டு. நம் சங்க மரபு குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலையை அதன் முழு இயல்பில் காண வேண்டிய காலம் அதுதான் என்று அன்றே முடிவு செய்திருக்கிறார்கள். பொழுதாக நள்ளிரவை வைத்தார்கள். அந்த நேரத்தில் மழையில் மலைவழி வரும் தலைவனை நினைத்துத் தலைவியும் தோழியும் அஞ்சுவதைப் பாட்டுப் பாட்டாகப் பாடினார்கள். வழுக்கும் பாறையையும் பெருகும் காட்டாற்றையும் அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

*

அக்டோபர் பிற்பாதியில் நேபாளத்தின் முக்திநாத்துக்குப் போகிறோம். பதினெட்டுப் பேர், பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப்பில் ஏறி தரிசனம் முடித்து மறுநாளே திரும்புவதாகத் திட்டம். வானிலை எப்படி இருக்கும்?
– வாசகர், ஈப்போ

மாதத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நேபாளத்திலிருந்து பருவமழை வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் விலகிவிடும். அதன்பின் நவம்பர் வரை வானம் தெளிந்திருக்கும். முக்திநாத் இன்னும் வறண்ட இடம். அன்னபூர்ணா, தௌலாகிரி என்ற 8,000 மீட்டரைத் தாண்டிய இரண்டு மலைகளுக்கும் பின்னால், மழை மறைவில் இருக்கிறது. தெற்கே, பொக்காராவுக்கு அருகிலுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மலைக்குப் பின்னால் ஜோம்சோமில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்தின் நிலம் ஏறக்குறைய பாலைவனம் என்பது போய்ப் பார்க்கும் நம்மவர்களுக்குப் பெரும் வியப்பு.

உங்களுக்குத் தடையாக வரக்கூடியது மழையைவிடக் காற்று. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்ததும் தெற்கிலிருந்து பலத்த காற்று கிளம்பி மாலை வரை வீசும். வடக்கேயுள்ள உயர்ந்த வறண்ட நிலம் வெயிலில் சூடேறிக் கீழேயுள்ள காற்றை அந்தக் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே இழுக்கிறது. ஆகவே ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான். காலையில் பொக்காராவில் மேகம் இருந்தால் அன்று விமானமே இல்லாமல் போகலாம். பதினெட்டுப் பேர் ஒரே நாளில் போய்ச் சேருவார்கள் என்று எண்ணி அடுத்த விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள். பொக்காராவில் குறைந்தது இரண்டு நாட்கள் கூடுதலாக வையுங்கள்.

உயரம் அதைவிடப் பெரிய கவலை. ஈப்போவும் பொக்காராவும் தாழ்வான ஊர்கள். ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல். முக்திநாத் சுமார் 3,700. ஒரே காலையில் இவ்வளவு ஏறினால் அறுபது வயதுக்காரருக்கு மட்டுமல்ல, இருபது வயதுக்காரருக்கும் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வரும். ஜோம்சோமிலோ மார்ப்பாவிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ஏறுங்கள். தரிசனம் முடிந்ததும் கீழே இறங்கிவிடுங்கள், மேலே இரவு தங்க வேண்டாம். இதயநோய், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 108 தாரைகளிலும் நீராட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். அக்டோபர் கடைசியில் அதிகாலையில் அங்கே நீர் உறையும் அளவுக்குக் குளிரலாம். வெயில் ஏறிய பிறகு, தலையில் தெளித்துக்கொள்வது முதியவர்களுக்குப் போதும். பெருமாள் குறையாக எண்ண மாட்டார்.

வங்கக் கடலையும் கவனித்துக்கொண்டே இருங்கள். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இமயமலையை அதன் எச்சம் இரண்டே நாளில் எட்டியது. முக்திநாத்துக்கு நேர் மேலே, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் கடும் பனிப்புயல் வீசி 40க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆண்டின் மிகத் தெளிவான மாதம் என்று நம்பி வந்த மலையேற்றக்காரர்களும் அவர்களை அழைத்து வந்த நேபாளிகளும் அவர்களில் இருந்தார்கள். நீங்கள் கணவாய்க்கு ஏறப்போவதில்லை. இருந்தாலும் ஆந்திரக் கரையையோ ஒடிசாவையோ நோக்கி ஒரு புயல் வருகிறது என்று கேள்விப்பட்டால் பொக்காராவை விட்டு நகராதீர்கள். சாலை வழியாகப் போகவும் அப்போது முயலாதீர்கள். 2024 செப்டம்பர் கடைசியில், பருவமழை விலக வேண்டிய நேரத்தில், நேபாளத்தில் பெய்த மழையில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; நெடுஞ்சாலைகள் மண்ணில் மூடிப்போயின.

*

நவம்பரில் கினபாலு மலை உச்சிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மழைக்காலம் என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

போகலாம், நனைவதற்குத் தயாராக. 4,095 மீட்டர் உயரமான அந்த மலையில் பிற்பகல் மேகம் ஏறக்குறைய தினமும் வரும். நள்ளிரவு கடந்து, மலைமேல் உள்ள தங்குமிடமான லாபான் ராத்தாவிலிருந்து புறப்பட்டு விடியும்போது உச்சியில் நிற்பதும், முற்பகலுக்குள் திரும்பிவிடுவதும் அதனால்தான். உடையை இரண்டு தனித்தனி நெகிழிப் பைகளில் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று உச்சிக்கு, இன்னொன்று திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ள. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கடைசிப் பகுதி வெறும் கருங்கல் பாறை, கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மழை பெய்தால் பாறை முழுவதும் நீர் வழிந்தோடும். அந்த இரவில் உச்சிக்குப் போகும் வாயில் திறக்கவில்லை என்று வழிகாட்டி சொன்னால் அவரிடம் வாதாடாமல் போய் உறங்குங்கள். காலையில் உங்களோடு பத்திரமாகக் கீழே இறங்கவேண்டியவர் அவர்தான்.